மொய் நோட்டு இருக்கிற வீட்டில் செலவு நோட்டும் இருக்கட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை வில்லாபுரம் பக்கம் ஒரு மகளிர் குழுவுக்கு 11 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். மாதக் கூட்டம் முடிந்து தீர்மான நோட்டை மூடும் நேரத்தில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, வர்ற காசு எங்கிட்டுப் போகுதுன்னே தெரியல" என்று பேச்சை எடுப்பார்கள். அப்படிக் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

வரவே கொஞ்சம். இதில் கணக்கு எழுதி என்ன ஆகப் போகிறது?

உங்கள் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். மேல்தட்டில் பட்டுச்சேலைக்கு அடியில் மொய் நோட்டு இருக்கும். பிள்ளையார் சுழி போட்டு, மூலையில் மஞ்சள் தடவி, முதல் வரியில் தாய்மாமன் பெயர், அப்புறம் ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதிய நோட்டு. 1994-இல் சோழவந்தானில் இருந்து வந்து 51 ரூபாய் எழுதியவர் யார் என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் காட்டிவிடுவோம். போன செவ்வாய்க்கிழமை கையில் இருந்த 500 ரூபாய் எப்படிக் கரைந்தது என்று கேட்டால்தான் முழிக்கிறோம்.

கணக்கு எழுதுவது நமக்குப் பழகின வேலைதான். அடுத்தவர் காசு என்றால் எழுதி வைக்கிறோம், நம் காசு என்றால் மனதில் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். வரவு குறைவான வீட்டுக்குத்தான் கணக்கு ரொம்பத் தேவை. லட்ச ரூபாய் வரும் வீட்டில் 2,000 எங்கே போனது என்று தெரியாவிட்டாலும் உலை கொதிக்கும். 15,000 வரும் வீட்டில் அந்த 2,000 ஒரு வாரத்துச் சோறு.

தினமும் உட்கார்ந்து எழுத நேரமில்லையே?

தினமும் உட்கார வேண்டாம். அடுப்படிச் சுவரில் மாதக் காலண்டர் மாட்டியிருப்பீர்கள். அதில் பால் கணக்கை ஏற்கெனவே எழுதிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்: தேதிக் கட்டத்தில் ½ என்று ஒரு குறி, பால் வாங்காத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. அதே கட்டத்தின் கீழ் மூலையில் அன்றைக்கு வீட்டை விட்டுப் போன மொத்தப் பணத்தை ஒரே எண்ணாக எழுதுங்கள். 340. 85. 1,260. அவ்வளவுதான். எதற்குச் செலவானது என்பது முதல் மாதம் தேவையில்லை. மாதக் கடைசியில் 30 எண்களையும் கூட்டும்போது வரும் தொகை நீங்கள் நினைத்திருந்ததைவிட இரண்டாயிரமாவது அதிகமாக இருக்கும். நான் பார்த்த எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது மாதத்தில் இருந்து 200 ரூபாய்க்கு மேல் போன செலவுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு வார்த்தை: கறி, செருப்பு, டியூஷன், மருந்து. பேனாவை ஒரு நூலில் கட்டி அந்தக் காலண்டர் ஆணியிலேயே தொங்கவிடுங்கள். பேனாவைத் தேடப் போனால் அன்றைக்கு எழுத மாட்டீர்கள்.

சிலிண்டர் மாட்டிய தேதியையும் அதே காலண்டரில் வட்டம் போடுங்கள். 14.2 கிலோ உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று மூன்று சிலிண்டரில் தெரிந்துவிடும். அடுத்ததற்கு எந்த வாரத்தில் பணம் வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும்.

நோட்டு நல்லதா, செல்போன் ஆப் நல்லதா?

எது கைக்குப் பழகுகிறதோ அது. ஆனால் செல்போனில் இருந்தால் அது ஒருத்தர் கணக்கு. சுவரில் இருந்தால் வீட்டுக் கணக்கு. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட நின்று பார்க்கும். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

ஒவ்வொரு மாதமும் ஏதாவது "திடீர்" செலவு வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறதே?

எல்லாரும் கேட்பது இதுதான். எனக்குச் சொல்ல இருப்பதில் முக்கியமானதும் இதுதான். திடீர் செலவு என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி திடீரென்று வருவதில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் என்பது போன ஜூனிலேயே தெரியும். தீபாவளி ஐப்பசியில்தான் வரும். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது ஊரில் இருந்து சொந்தக்காரர்கள் வந்து இரண்டு நாள் தங்குவார்கள். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்கு வண்டி பிடித்துப் போக வேண்டும். இவை மாதாமாதம் வருவதில்லை என்பதால் மாதக் கணக்கில் இடம் பிடிப்பதில்லை. அதனால் வரும்போது கைமாத்து வாங்குகிறோம், நகையை வைக்கிறோம்.

ஒரு தாளில் சித்திரை முதல் பங்குனி வரை 12 மாதத்தையும் எழுதி, எந்த மாதத்தில் என்ன வரும் என்று போன வருடத்தை நினைத்து நிரப்புங்கள். எங்கள் குழுவில் ஒரு வீட்டுக்குப் போட்டது இது. அவர் தையல் வேலை பார்க்கிறார், வீட்டுக்காரர் ஒரு பட்டறையில் இருக்கிறார், இரண்டு பிள்ளைகள், கணவன் மனைவி சம்பளம் சேர்த்து மாதம் 26,000. பள்ளிக் கட்டணம், நோட்டு, சீருடை 18,000. தீபாவளி 10,000. பொங்கல் 4,000. குலசாமி கும்பிடு 5,000. சித்திரைத் திருவிழா 3,000. மொய், செய்முறை (விசேஷ வீடுகளுக்குத் திரும்பச் செய்வது) 18,000. வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் 4,000. ஆஸ்பத்திரி 6,000. மொத்தம் 68,000. அதை 12-ஆல் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 5,700.

அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்க சம்பளம் இருபத்தாறு இல்லையாக்கா" என்றார். ஆமாம். மாதச் செலவுக்கு அவர்கள் கையில் இருப்பது 20,300-தான். 26,000 என்று நினைத்துச் செலவழித்ததால்தான் வருடத்துக்கு இரண்டு தடவை சங்கிலி அடகுக் கடைக்குப் போய் வந்தது.

சம்பளம் வந்த அன்றைக்கே 5,700-ஐ எடுத்துத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சினால் போடலாம் என்றால் மிஞ்சாது. முதல் வருடம் முழுத் தொகையும் முடியாது. 2,000-இல் ஆரம்பியுங்கள். ஒரு தீபாவளி கடனில்லாமல் போனாலே போதும், அடுத்த வருடத்துக்கு உங்களை யாரும் சொல்லித் தூண்ட வேண்டியதில்லை.

மொய்யை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா?

விசேஷம் வைத்து வாங்கிய மொய்யை வரவில் எழுதவே கூடாது. அது கடன். வட்டி இல்லாத கடன், ஆனால் ஊரறிய வாங்கிய கடன். நம் பக்கம் அதைத் திரும்பச் செய்யாமல் விட்டால் உறவே அறுந்துபோகும். உசிலம்பட்டிப் பக்கம் செய்முறை எவ்வளவு கனமானது என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் மகள் காதுகுத்துக்கு 1,40,000 ரூபாய் மொய் வந்தது. விசேஷத்துக்கு வாங்கிய கடனை அதை வைத்து அடைத்தோம். அன்றைக்கு ராத்திரி, எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினோம். அடுத்த ஆவணியில் ஒரே மாதத்தில் ஏழு பத்திரிகை வந்தபோதுதான் புரிந்தது. ஒரு பெரிய கடனை அடைத்துவிட்டு நூற்றுக்கு மேற்பட்ட சின்னக் கடன்களை வாங்கியிருக்கிறோம், எது எப்போது கேட்கும் என்று தேதியும் கிடையாது.

அதன்பிறகு நான் செய்தது இது. மொய் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரில், திரும்பச் செய்த தேதியையும் தொகையையும் சிவப்பு மையில் எழுதினேன். சிவப்பு இல்லாத வரிகளை மட்டும் கூட்டினேன். 45,000 திரும்பப் போயிருந்தது, 95,000 பாக்கி. அந்தப் பெயர்களில் யார் வீட்டில் கல்யாண வயதுப் பிள்ளை இருக்கிறது, யார் வீடு கட்டுகிறார்கள், யார் வீட்டுப் பெண் ஏழாவது எட்டாவது படிக்கிறது என்று பக்கத்தில் குறித்தேன். இரண்டு வருடத்துக்குள் வரப்போகும் விசேஷங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டன. அந்த 95,000-ஐயும் பத்து வருடத்தில் திரும்பச் செய்து முடிப்போம் என்றால் வருடத்துக்கு 9,500. வந்ததற்கு மேல் கூட்டித்தான் செய்வோம், அதற்கும் சேர்த்து நான் 13,000 என்று வைத்துக்கொண்டேன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணப் பத்திரிகை வராது. அந்த இரண்டு மாதமும் இந்தக் கணக்கில் பணம் சேர நல்ல மாதங்கள்.

தாய்மாமன் சீர் இதில் சேராது. அது தனி. தங்கச்சி மகளுக்கு இப்போது 8 வயது என்றால் சடங்குக்கு ஏறக்குறைய 5 வருடம் இருக்கிறது. தபால் ஆபீஸ் ஆர்.டி.யும் 5 வருடம்தான். மாதம் 1,000 கட்டினால் அசல் மட்டும் 60,000, வட்டி தனி. அண்ணன் தம்பி இருக்கிற ஒவ்வொருவரிடமும் நான் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சபையில் தாம்பாளத்தோடு போய் நிற்கும்போது, பின்னால் கடன்காரர் முகம் நினைவில் வராமல் நிற்க வேண்டும்.

எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. சனிக்கிழமை கூலிதான். பட்ஜெட் எப்படிப் போடுவது?

கொத்தனார், பெயிண்டர், செல்லூரில் தறி வேலை என்று வாரக்கூலி வாங்குகிற வீடுகளே நம் பக்கம் அதிகம். வருடத்துக்கு 52 சனிக்கிழமை. மாதத்துக்கு நாலு என்று கணக்குப் போட்டால் 48. வீட்டு வாடகை, குழுக் கடன், கேபிள் எல்லாம் மாதக் கணக்குதான், அவற்றை நாலு சனிக்கிழமைக்குப் பிரித்து, வாராவாரம் கூலி கைக்கு வந்ததும் ஒரு பங்கை ஒதுக்குங்கள். 5 சனிக்கிழமை வரும் மாதத்தில் அந்த ஐந்தாவது கூலியில் இந்தப் பங்கு மிச்சம். சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதை வருடச் செலவுக் கணக்கில் போடுங்கள். வருடத்தில் நாலு தடவையாவது இப்படி வரும். காலண்டர் வாங்கிய அன்றைக்கே அந்த மாதங்களைக் குறித்து வையுங்கள்.

இன்னொன்று, நல்ல மாதத்துக் கூலியை வைத்துச் செலவைத் திட்டமிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கட்டட வேலை நிற்கும். போன வருடத்தில் மிகக் குறைவாக வந்த மாதம் எது என்று பாருங்கள், அந்தத் தொகைக்குள் வாடகையும் அரிசியும் பருப்பும் அடங்க வேண்டும். ரேஷன் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். "ரேஷன் பருப்பு வேகாது" என்று சொல்லி விட்டுவிடுகிற வீடுகள் இருக்கின்றன. ஒரு மணி நேரம் ஊறப் போட்டால் வேகும்.

கையில் காசு இருந்தால் யோசித்துக் கொடுக்கிறோம். ஜிபே போட்டால் போவதே தெரியவில்லை. என்ன செய்வது?

சம்பளம் விழும் கணக்கை ஜிபேயில் இருந்து எடுத்துவிடுங்கள். இருப்புத் தொகை கட்டாயமில்லாத இன்னொரு சேமிப்புக் கணக்கை அதில் சேர்த்து, வாரத்துக்கு ஒருமுறை அந்த வாரச் செலவை மட்டும் அதற்கு மாற்றுங்கள். வியாழக்கிழமையே தீர்ந்துவிட்டால் அது உங்களுக்குச் சொல்லும் செய்தி. ஜிபேயில் ஒரு நல்லதும் உண்டு. எழுத மறந்த செலவு அதில் தேதியோடு இருக்கும்.

கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்குவது லாபமா, தெருமுனை அண்ணாச்சி கடையே போதுமா?

பருப்பு, மிளகாய், மல்லி, புளி ஆகியவற்றைக் கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்கினால் நிச்சயம் மிச்சம். எண்ணெய், சர்க்கரை, பிஸ்கட்டில் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் அதிகமாக இருந்தால் அதிகமாகத்தான் செலவாகும், எண்ணெய் டின் வாங்கிய மாதம் வடையும் அப்பளமும் கூடிவிடும். நம்ப முடியாவிட்டால் மளிகைச் சிட்டையில் பத்துச் சாமானுக்கு இரண்டு கடை விலையையும் எழுதிப் பாருங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே முதல் டிக்கெட் காசு இல்லை, அதனால் போக்குவரத்துச் செலவைப் பெண்கள் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

காய்க்கு உழவர் சந்தை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை நம் மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14 அன்று திறந்ததுதான். வாசலில் விலைப் பலகை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள், கையில் இருக்கும் பட்டியலை அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். தக்காளி ஏறியிருந்தால் அந்த வாரம் புளிக்குழம்பு.

அண்ணாச்சி கடையில் பற்று வைத்து வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பற்றில் வாங்கும்போது நாம் விலை கேட்பதில்லை, கேட்கவும் கூச்சம். அவர் நோட்டில் எழுதும்போது நீங்களும் உங்கள் காலண்டரில் எழுதுங்கள். ஆனால் அந்தக் கடையை முழுதாக விட்டுவிடாதீர்கள். காய்ச்சலில் படுத்திருந்த வாரம் காசு கேட்காமல் அரிசி அனுப்பியது அந்தக் கடைதான்.

கரண்ட் பில் ஒரு மாதம் இல்லை, ஒரு மாதம் சுமையாக வருகிறது. எப்படிச் சமாளிப்பது?

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதை இரண்டாகப் பிரித்து மாதாமாதம் எடுத்து வையுங்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையில் 500 யூனிட் ஒரு எல்லைக்கோடு: அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே இருக்கும் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கும் சலுகை விலை போய்விடும். ரீடிங் எடுத்து 45-ஆவது நாள் மீட்டரைப் பார்த்தால் மிச்ச நாட்களில் ஏசியைக் குறைக்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள், வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார், முதல் 100 யூனிட் இலவசம் யாருக்குப் போகிறது என்று குடிவரும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

நகைக்கடன் வட்டியை எந்தத் தலைப்பில் எழுதுவது?

தனித் தலைப்பில், சிவப்பு மையில். நாங்கள் ஒரு தடவை 60,000 ரூபாய்க்கு நகை வைத்தோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, மாதம் 600. சின்னத் தொகைதானே என்று வட்டியை மட்டும் கட்டி மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தோம். நாலு வருடம் கழித்து நோட்டில் கூட்டிப் பார்த்தால் 28,800 போயிருந்தது, அசல் அப்படியே இருந்தது. வருடா வருடம் அந்த வட்டிக்கு எதிரில் மொத்தத்தை எழுதியிருந்தால் இரண்டாவது வருடமே கையில் இருந்த மோதிரத்தை விற்றுச் சங்கிலியைத் திருப்பியிருப்பேன்.

தினத் தண்டல் இதைவிட மோசம். 10,000 என்று சொல்லி 8,500 கையில் கொடுத்து, நாளைக்கு 100 வீதம் 100 நாள் வாங்குகிறார்கள். 1,500-தானே என்று தோன்றும். ஆனால் அசலையும் தினமும் திருப்பிக்கொண்டே இருக்கிறீர்கள், பாதி நாள் தாண்டும்போது பாதிப் பணம்தான் உங்களிடம் இருக்கிறது. வருட வட்டியாகக் கணக்கிட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டும். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மிரட்டல் வந்தால் பயந்து ஊரைக் காலி செய்யாமல் காவல் நிலையத்திலோ கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுங்கள்.

தீபாவளிச் சீட்டு, ஏலச்சீட்டு போடலாமா?

1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள், பதிவு எண்ணை வாங்கிப் பாருங்கள். "நம்ம தெருக்காரர்தான்" என்பது பதிவு எண் ஆகாது. நான் அப்படி நம்பிக் கட்டிய 6,000 இன்று வரை வரவில்லை.

சிறுவாட்டுக் காசையும் கணக்கில் காட்ட வேண்டுமா?

வேண்டாம். அப்பத்தா காலத்தில் இருந்து அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் சேர்ந்த காசுதான் எத்தனையோ வீடுகளில் பிரசவத்துக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் உதவியிருக்கிறது. பொதுக் கணக்கில் காட்டினால் அது மறுநாளே பொதுச் செலவாகிவிடும். ஆனால் ரொக்கமாகவே வைத்திருக்காதீர்கள். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது எத்தனை பேர் அந்தக் காசை அழுதுகொண்டே வெளியே எடுத்துக் காட்டினார்கள் என்பது நமக்கு மறக்காது. உங்கள் பெயரில் மட்டும் தபால் ஆபீஸில் ஒரு சேமிப்புக் கணக்கு போதும். பெண் பிள்ளை பத்து வயதுக்குள் இருந்தால் செல்வமகள் கணக்கு. வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே அது உயிரோடு இருக்கும்.

கணக்குக் கேட்டால் வீட்டுக்காரர் கோபப்படுகிறார்.

"அந்த நூறு ரூபாய என்ன பண்ணீங்க?" என்று கேட்டால் யாருக்கும் கோபம்தான் வரும். உங்களைக் கேட்டாலும் உங்களுக்குப் பிடிக்காது. அவர் கைச்செலவுக்கு என்று வாரத்துக்கு ஒரு தொகை பேசி முடித்துவிட்டு, அதற்கு மட்டும் கணக்கே கேட்காதீர்கள். டீயோ சிகரெட்டோ அவர் பாடு. உங்களுக்கும் அதே மாதிரி ஒரு தொகை. மிச்சத்தைக் காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். வருடச் செலவுத் தாளை அவர் கையெழுத்தில் எழுத வைத்தால் இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் அந்தத் தாளை எழுதிய பிறகுதான், "ஏத்தா, இந்த வருசம் வண்டி மாத்த வேணாம்" என்று அவராகவே சொன்னார்.

சம்பளத்தில் பாதி அவசியத்துக்கு, 30 சதவீதம் விருப்பத்துக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கு என்கிறார்களே?

வாடகையும் பள்ளிக் கட்டணமும் போகவே பாதி தாண்டிவிடும் வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பொருந்தவில்லையே என்று மனம் உடைய வேண்டாம்.

இரண்டு மாதம் எழுதினேன், அப்புறம் விட்டுப்போச்சு. பழசை எப்படி நிரப்புவது?

நிரப்பாதீர்கள். ஞாபகத்தில் இருந்து எழுதினால் பொய்க் கணக்கு ஆகிவிடும், அந்தச் சலிப்பிலேயே மறுபடியும் விட்டுவிடுவீர்கள். கையிலும் வங்கியிலும் இப்போது இருப்பதை எண்ணுங்கள். கடைசியாக எழுதிய அன்று இருந்ததோடு இடையில் வந்த வரவைக் கூட்டி, இப்போது இருப்பதைக் கழியுங்கள். வரும் தொகையை "விடுபட்டது" என்று ஒரே வரியில் எழுதி, இன்றைய தேதிக் கட்டத்தில் இன்றைய செலவை எழுதுங்கள். எங்கள் குழு நோட்டிலேயே கொரோனா சமயத்து ஐந்து மாதத்துக்கு அப்படி ஒரு வரிதான் இருக்கிறது.